ஓடுகிறவர்களும் ஓட்டப்பட்டவர்களும்

ஒரு வரிகூடப் பொய் எழுதாமல் ஒரு ஊரைப் பற்றிப் பொய் சொல்ல முடியும். சந்தேகம் இருந்தால் ஓட்டக்காரர்கள் எழுதுகிற தடக்குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். தூரம் சரியாக இருக்கும். ஏற்றம் எத்தனை அடி என்பது துல்லியமாக இருக்கும். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே நாய் துரத்தும், எந்தத் திருப்பத்தில் நின்று போட்டோ எடுத்தால் பின்னணி நன்றாக விழும் என்று எல்லாமே இருக்கும். அந்தப் பாதையை யார் போட்டார்கள், அதன் வழியாக யார் விரட்டப்பட்டார்கள் என்பது மட்டும் இருக்காது.

இந்தக் கட்டுரை அந்த வகைக் குறிப்புகளுக்கு எதிரானது. ஓட்டத்துக்கு எதிரானது அல்ல. நானும் ஓடுகிறவன்தான். டூசானில் இருக்கிறேன். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் காரை எடுத்துக்கொண்டு பிஸ்பீக்குப் போய் ஓடுகிறேன். அந்த ஊரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பிஸ்பீ அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. பத்து மைல் தெற்கே போனால் மெக்சிகோ எல்லை. சுற்றிலும் பாலை, நடுவில் மியூல் மலைகள், அந்த மலைகளின் இடுக்கில், சுமார் 5,500 அடி உயரத்தில், பெட்டிகளை அடுக்கியதுபோல் வீடுகள். 1880இல் செம்புக்காக உருவான ஊர். ஒரு காலத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். 1975இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வீடுகள் அடிமாட்டு விலைக்குப் போயின. ஓவியர்களும் ஹிப்பிகளும் வந்து சேர்ந்தார்கள். இப்போது ஐயாயிரம் பேர்கூட இல்லை. வார இறுதியில் மட்டும் எங்களைப் போன்றவர்கள் வண்ண வண்ணக் காலணிகளோடு வந்து இறங்குகிறோம்.

ஓட்டக்காரனுக்கு இந்த ஊர் விருந்துதான், அதை மறுக்கவில்லை. உயரம் காரணமாகக் காற்று கொஞ்சம் மெலிந்திருக்கும். முதல் மைலிலேயே நெஞ்சு அதைச் சொல்லிவிடும். சமதளமே கிடையாது. பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் கான்கிரீட் படிக்கட்டுகள் வீடுகளுக்கு இடையே வளைந்து வளைந்து ஏறும். ஆண்டுதோறும் அக்டோபரில் 'பிஸ்பீ 1000' என்று ஒரு ஓட்டம் நடக்கிறது. 1991இல் தொடங்கியது. ஒன்பது படிக்கட்டுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், நாலரை மைல்.

அந்தப் படிகள் எதற்காக வந்தன? சுரங்கத் தொழிலாளிக்கு வீடு கட்டக் கிடைத்த இடம் மலைச்சரிவுதான். ஷிஃப்ட் முடிந்து வந்தவன் அந்தச் செங்குத்தில் ஏறித்தான் படுக்கையைப் பார்க்க வேண்டும். தண்ணீரைக் கழுதைகள்மேல் ஏற்றிக் கொண்டுபோய் விற்ற காலம் உண்டு. 1930களின் பெரும் மந்தத்தில், வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசாங்கம் நடத்திய திட்டத்தில்தான் இந்தக் கான்கிரீட் படிகள் போடப்பட்டன. பசியில் இருந்தவர்கள் கூலிக்குப் போட்ட படிகள் அவை. அக்டோபர் ஓட்டத்தோடு சேர்த்து ஒரு பனிக்கட்டிப் போட்டியும் உண்டு: பழைய இடுக்கியில் பனிக்கட்டியைக் கவ்விக்கொண்டு 155 படிகள் ஏறி ஓட வேண்டும். ஒரு காலத்தில் யாரோ வயிற்றுக்காகத் தினமும் செய்த வேலை இன்றைக்கு மெடலுக்கான விளையாட்டு. விளையாடுங்கள், தப்பே இல்லை. ஆனால் குறிப்பில் "செமையான ஸ்டேர் வொர்க் அவுட்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

அடுத்து, கணவாய் மேலே ஏறுகிற பழைய டிவைட் சாலை. 1958இல் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்ட பிறகு வண்டிகள் கீழே போய்விட்டன. மேலே பழைய சாலை ஓட்டக்காரர்களுக்கு வசதியாகிவிட்டது. அங்கிருந்து ஜூனிப்பர் ஃப்ளாட்டுக்கு ஏறினால் பெரிய பெரிய கிரானைட் பாறைகள். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே மெக்சிகோவின் சான் ஹோசே மலை கூம்பாக நிற்பது தெரியும். எல்லாக் குறிப்பிலும் அந்தக் காட்சி உண்டு. அந்தச் சாலை 1913–14இல் சிறைக்கைதிகளின் உழைப்பில் போடப்பட்டது என்பதை நான் எந்த ஓட்டக்காரரின் குறிப்பிலும் படித்ததில்லை.

இன்னொன்று, ப்ரூவரி கல்ச். ஒரு காலத்தில் சாராயக்கடைகள் நிறைந்த சந்து. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரவில் அங்கே ஓடுவது பலருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். இதே ஊரில் சீனர்கள் இரவு தங்கக் கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. காய்கறி விளைவித்துக் கொண்டுவந்து விற்கலாம். இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். மெக்சிகோக்காரர்களுக்கு நிலத்தடி வேலை பெரும்பாலும் கிடையாது. மேலே, குறைந்த கூலிக்கு. அவர்கள் குடியிருந்த மேட்டுக்கு இன்றும் சிவாவா குன்று என்றுதான் பெயர். அங்கேயும் ஒரு நல்ல ஏற்றம் இருக்கிறது, ஓட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இதுவரை சொன்னதையெல்லாம் "எல்லா ஊரிலும் இருக்கிற கதைதானே" என்று நீங்கள் ஒதுக்கிவிடலாம். இனிச் சொல்லப்போவதை ஒதுக்க முடியாது.

1917 ஜூன் மாதக் கடைசியில் பிஸ்பீ சுரங்கத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உள்ளே ஆள் இருக்கும்போது வெடி வைக்காதே, துளையிடும் இயந்திரத்துக்கு இரண்டு பேரைப் போடு, சங்கத்தில் சேர்ந்தவனைப் பழிவாங்காதே, நிலத்தடியில் இறங்குகிறவனுக்கு நாளுக்கு ஆறு டாலர் கொடு. கோரிக்கைகள் இந்த வகைதான். அப்போது உலகப்போர். செம்பு விலை உச்சத்தில். ஊரின் பெரிய முதலாளி ஃபெல்ப்ஸ் டாட்ஜ் நிறுவனம் இறங்கி வரவில்லை.

ஜூலை 12 விடியற்காலை. ஷெரிஃப் ஹாரி வீலர் சுமார் இரண்டாயிரம் பேருக்குத் துணைக்காவலர் பதவிப்பிரமாணம் செய்து வைத்திருந்தார். அடையாளத்துக்குக் கையில் வெள்ளைத்துணி. தந்தியும் தொலைபேசியும் வெளியே சேதி போகாதபடி அவர்கள் பிடியில். வீடு வீடாகப் புகுந்து வேலைநிறுத்தக்காரர்களையும், அவர்களுக்கு ஆதரவானவர்கள் என்று தோன்றியவர்களையும் துப்பாக்கி முனையில் இழுத்து வந்தார்கள். அன்று இரண்டு உயிர்கள் போயின. பிடிபட்டவர்களைத் தபால் நிலையத்தின் முன்னால் கூட்டி, அங்கிருந்து வாரன் பகுதியிலுள்ள பேஸ்பால் மைதானத்துக்கு நடக்க வைத்தார்கள். மைதானத்தில் ஒரு பேரம்: வேலைநிறுத்தத்தைக் கைவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சிலநூறு பேர் ஒத்துக்கொண்டார்கள். மறுத்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். அவர்களை 23 மாட்டு வேகன்களில் ஏற்றினார்கள். தரையில் சாணம். ஜூலை வெயில். பதினாறு மணி நேரம். நியூ மெக்சிகோ பாலையில் ஹெர்மனாஸ் என்ற இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பி வந்தால் நடப்பதே வேறு என்றார்கள்.

தண்டனை? யாருக்கும் இல்லை. 1920இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், இதைத் தண்டிக்க மத்திய அரசுக்கு அதிகாரமில்லை, மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. மாநிலத்தில் வழக்குக்கு வந்த ஆளை ஜூரி விடுவித்தது.

தமிழில் 'ஓடு' என்கிற வினைக்குப் பிறவினை 'ஓட்டு'. நாம் ஓடுகிறோம், மாட்டை ஓட்டுகிறோம். அந்த 1,200 பேரும் மாட்டு வண்டியில் ஏற்றி ஊரைவிட்டு ஓட்டப்பட்டவர்கள். அதற்கு முப்பத்தொரு வருடம் முன்னால், 1886இல், இதே நிலத்துக்குச் சொந்தக்காரர்களான சிரிகாவா அப்பாச்சிகளை இதே மாவட்டத்தின் போவி ரயில் நிலையத்திலிருந்து ஏற்றி, போர்க்கைதிகளாக ஃப்ளோரிடாவுக்கு அனுப்பினார்கள். அதுவும் ரயில்தான். இப்படி இரண்டு முறை ஆட்களை ரயிலேற்றி வெறுமையாக்கிய நிலத்தைத்தான் "மனிதவாடையே இல்லாத சுத்தமான பாலைவனம்" என்று நாம் ரசிக்கிறோம்.

அந்தத் தபால் நிலையக் கட்டடம் 1907இல் கட்டியது. இன்றும் அங்கேயே இருக்கிறது. அதே கட்டடத்தில் நூலகமும் இருக்கிறது. 1909இல் கட்டிய வாரன் மைதானமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில மைல்தான், மெதுவாக ஓடினாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிஸ்பீயில் ஓடவேண்டிய தடம் ஒன்று உண்டென்றால் இதுதான் என்பேன்.

இந்தத் தடத்தில் படிக்கட்டின் அழகு கிடையாது. நெடுஞ்சாலை ஓரமாக ஓட வேண்டும், லாரி வரும், வெயிலுக்கு நிழல் இல்லை. வழியில் லாவெண்டர் குழி. கிட்டத்தட்ட 900 அடி ஆழத் திறந்தவெளிச் சுரங்கம். ஓட்டக்காரர்கள் கம்பிவேலிக்கு அருகில் நின்று செல்ஃபி எடுத்து, நிறத்தைப் பார்த்துத்தான் 'லாவெண்டர்' என்ற பெயர் வந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஹாரிசன் லாவெண்டர் என்பது நிறுவன நிர்வாகி ஒருவரின் பெயர். 1950 முதல் 1974 வரை தோண்டினார்கள். லோவல் என்ற குடியிருப்பின் பெரும்பகுதியை இந்தக் குழி விழுங்கிவிட்டது. இன்று நாம் குழியைச் சுற்றிக்கொண்டு போகிறோம். ஓட்டப்பட்டவர்கள் போன வழியைத் தேட நினைத்தால் அதில் ஒரு பங்கு மண்ணே இல்லாத வெறும் ஆகாயம். ஜிபிஎஸ் கடிகாரம் அதை ஒருநாளும் காட்டப்போவதில்லை.

ஒரு தமிழ் ஓட்டக்குழுவில் இந்தத் தடத்தை எழுதிப் போட்டேன். "பாஸ், ஓட வந்தா ஓடுங்க. சண்டே காலைல எதுக்கு ஹிஸ்டரி கிளாஸ்?" என்று பதில் வந்தது. நிறைய சிரிப்புக் குறிகள். கேள்வி நியாயமானதுதான், அதற்குப் பதில் சொல்கிறேன்.

ஓட்டம் அரசியலற்றது என்கிறீர்கள். நடுராத்திரி நெற்றிவிளக்கோடு ஒரு அந்நிய ஊரின் சந்தில் ஓட, 'யார் நீ, இங்கே என்ன வேலை' என்று யாரும் கேட்காமல் இருக்க, எவ்வளவு அனுமதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நூறு வருடம் முன்னால் அந்தச் சந்தில் என் நிறத்தவன் ஓடியிருந்தால் அவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அங்கே இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டியவர்கள் இருந்தார்கள் என்பது தெரியும். பெரும்பாலும் குடியேறிகளாக இருந்த 1,200 பேரை வேகனில் ஏற்றியது தெரியும். இன்று விசா ஸ்டாம்போடு இதே மாநிலத்தில் வாழ்கிற ஒருவர், குடியேறியை ஊரைவிட்டு ஓட்டிய கதையை "நமக்கு எதுக்கு" என்று சொல்வதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பத்து மைல் தெற்கே எல்லைச்சுவர் நிற்கிறது. அந்தப் பாலையில் இரவில் நடக்கிறவர்களுக்கு நெற்றிவிளக்குப் போட்டுக்கொள்ள முடியாது.

இன்னொரு வாதம்: ஊர்க்காரர்களே மறக்க நினைப்பதை நாம் ஏன் கிளற வேண்டும்? பல பத்தாண்டுகள் பிஸ்பீயில் யாரும் இதைப் பேசவில்லை என்பது உண்மை. ஆனால் நூற்றாண்டு நாளான 2017 ஜூலை 12 அன்று அந்த ஊர்க்காரர்களே தெருவில் இறங்கி அந்த நாளை நடித்துக் காட்டினார்கள். சிலர் விரட்டியவர்களாக, சிலர் விரட்டப்பட்டவர்களாக. ராபர்ட் கிரீன் அதை 'பிஸ்பீ 17' என்று ஆவணப்படமாக எடுத்தார். ஊர் தன் கதையைத் தானே எடுத்துப் பேசிவிட்டது. வந்துபோகிற நமக்குத்தான் அது வேண்டாமாம்.

கடைசியாக, "வருத்தப்பட்டுக்கொண்டே ஓட முடியுமா?" வருத்தப்படச் சொல்லவில்லை. குற்றவுணர்ச்சியால் யாருக்கும் லாபமில்லை, மூச்சிரைப்புதான் மிச்சம். நான் கேட்பது குறிப்பில் மூன்று வரி. படிக்கட்டு என்று எழுதினால் 1930களின் கூலிக்காரர்கள் போட்டது என்று சேர்த்து எழுதுங்கள். டிவைட் சாலை என்றால் கைதிகள் என்று எழுதுங்கள். தபால் நிலையத்திலிருந்து வாரன் மைதானம் வரைக்கும் ஒரு தடத்தைப் பட்டியலில் சேருங்கள். ஏற்றத்தின் அடிக்கணக்கைச் சரிபார்க்கச் செலவிடுகிற நேரத்தில் பாதி போதும்.

கண்ணால் மட்டும் ஒரு ஊரைப் பார்த்துவிட்டுப் போகிற சுற்றுலாக்காரனைவிட நாம் மேல் என்று ஓட்டக்காரர்களாகிய நாம் நினைத்துக்கொள்கிறோம். மண்ணைக் காலால் அறிகிறோம் என்று பெருமை பேசுகிறோம். அப்படியானால் அறிந்ததை முழுசாக எழுத வேண்டும். அடுத்த முறை பிஸ்பீக்குப் போனால் கடிகாரத்தைத் தபால் நிலையத்தின் முன்னால் நின்று அழுத்துங்கள். வாரன் மைதானம் வந்ததும் நிறுத்துங்கள். உங்களுக்குத் திரும்பி ஓடி வர முடியும். திரும்பி வரும் வழியெல்லாம் அதை மட்டும் நினைத்துக்கொண்டு வாருங்கள்.