ஓவியமா, மண்ணா, தறியா?

பன்னிரண்டாம் வகுப்பின் முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், சித்திரம் தீட்டும் கை வாய்த்த பிள்ளைகளின் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு விவாதம் எழுகிறது. ஓவியக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்ற பழைய தயக்கம் இன்று ஓரளவு தணிந்திருக்கிறது. எந்தப் பட்டத்துக்கு, எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்பதே இப்போது பெற்றோரை வாட்டும் பிரச்சினை. அவர்களில் பலர் உத்தியோகச் சந்தையை நோக்கி விடை தேடுகிறார்கள். ஜீவனோபாயத்தை எண்ணுவது தவறன்று. ஆனால் அது ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு பதினேழு வயதுப் பிள்ளையின் பிரிவை நிர்ணயித்துவிடுவது பெருந்தவறு என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் பட்டங்களைப் பற்றிய மயக்கம் தெளிய வேண்டும். கலை அறிவியல் கல்லூரிகள் மூன்றாண்டுகளில் அளிக்கும் பி.எஸ்ஸி. விஸ்காம் என்பது புகைப்படம், திரைப்படம், விளம்பரம் முதலிய ஊடகத் துறைகளுக்கு மாணவனை ஆயத்தம் செய்வது. கவின்கலைக் கல்லூரியில் நான்காண்டுகள் பயிலும் பி.எஃப்.ஏ. பட்டத்தின் காட்சித்தொடர்பு வடிவமைப்புப் பிரிவோ, வரைதலையும் எழுத்துருவத்தையும் அச்சுப் பக்க அமைப்பையும் அடித்தளமாகக் கொண்டது. பி.டெஸ். பட்டம் வேறொரு திசையிலிருந்து தொடங்குகிறது: பொருளைப் பயன்படுத்தப்போகிறவரின் தேவையை ஆராய்ந்து அதற்கேற்ற உருவத்தைக் காண்பது அதன் லட்சியம். மாமல்லபுரத்து அரசுச் சிற்பக் கல்லூரியிலோ சிற்ப சாஸ்திரத்தின் தாளப் பிரமாணங்களே, அதாவது உருவ அளவு விகிதங்களே, பாடத்தின் அஸ்திவாரம். இந்நான்கையும் ஒரே கல்வியின் நான்கு பெயர்கள் என்று எண்ணி விண்ணப்பிக்கும் மாணவர்கள் ஏராளம்.

பட்டத்தைக் காட்டிலும் பிரிவைத் தேர்வதே கடினமான காரியம். ஒவ்வொரு பட்டறைக்கும் தனக்கென்று ஒரு காலகதி உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை அறிவதில்லை. வண்ண ஓவியம் தீட்டுகிறவன் தன் பிழையை அந்தக் கணமே கண்டு, அந்தக் கணமே அதன்மேல் இன்னொரு வண்ணத்தை ஏற்றித் திருத்திக்கொள்ள முடியும். சுடுமண் பிரிவில் பயில்பவனோ, மண்ணைப் பிசைந்து காற்றுக் குமிழ்களை அகற்றி, சக்கரத்தில் உருவாக்கி, நிழலில் நிதானமாக உலர்த்தி, ஏறக்குறைய ஆயிரம் டிகிரி வெப்பத்தில் ஒருமுறை சுட்டு, மெருகுக் கரைசல் பூசி மறுபடியும் சூளையில் ஏற்றி, அது முற்றிலும் ஆறும் வரை காத்திருந்த பின்னரே, தான் பல தினங்களுக்கு முன் செய்த பிழையைச் சந்திக்கிறான். அச்சுக்கலைப் பிரிவில், தகட்டில் கீறுகிற ஒவ்வொரு கோடும் இடவலம் மாறித் தாளில் விழும் என்பதை நினைவிற்கொண்டு, அமிலம் எவ்வளவு ஆழம் அரிக்கும் என்பதையும் அனுமானித்தே கை இயங்க வேண்டும். துணி வடிவமைப்பில், பாவு ஏற்றிய பிறகு மனம் மாறுவதற்கு இடமே இல்லை. ஆகையால் மாணவன் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எந்தப் பிரிவு எனக்குப் பிடிக்கிறது என்பதைவிட, எந்தப் பிரிவின் காத்திருப்பையும் தோல்வியையும் சகித்துக்கொண்டு மறுநாளும் நான் உற்சாகத்தோடு திரும்பிச் செல்வேன் என்பதாகும். இதைப் பெற்றோரால் சொல்ல முடியாது; வேலைவாய்ப்பு விளம்பரங்களாலும் சொல்ல முடியாது. கையைச் சில மாதங்கள் அந்தந்தப் பொருளில் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் ஆரம்பித்து, இன்று சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்கும் பள்ளியின் சரித்திரம் இதற்குச் சான்று கூறுகிறது. 1929-இல் அதன் தலைமையை ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌதுரி ஓவியராகவும் சிற்பியாகவும் ஒருங்கே சிறந்தவர். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் படைப்பு. அவருடைய மாணவர் எஸ். தனபால் ஓவியம் பயின்று, பின்னர் சிற்பத்தைத் தமக்குரிய சாதனமாகக் கண்டுகொண்டவர். அங்கு பயின்ற ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியதோடு, தமிழ் நூல்களின் முகப்பு எழுத்துகளுக்கும் புதிய வடிவம் தந்தார். அப்பள்ளிக்கு வெளியேயும் உதாரணம் உண்டு: சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று, 1944-இல் சாந்திநிகேதனத்தை அடைந்த கே.ஜி. சுப்பிரமணியன், ஓவியத்தோடு நிற்காமல் கைத்தறி வடிவமைப்பிலும் பொம்மைகளிலும் சுடுமண் சுவர்ச்சித்திரங்களிலும் தம் திறனைச் செலுத்தினார். பிரிவுகளின் சுவர்களைக் கடந்து சென்ற இவர்கள் எல்லோரும், ஒரு பொருளையாவது ஆழமாக அறிந்த பின்னரே மற்றொன்றைத் தொட்டார்கள் என்பது என் கருத்து.

1919-இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தோன்றிய பௌஹௌஸ் கலைப்பள்ளி, மாணவர்களை ஆறு மாத காலம் பொது அப்பியாசத்தில் ஈடுபடுத்திய பின்னரே பட்டறைகளுக்குள் அனுமதித்தது. 1961-இல் அகமதாபாதில் நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனமும் அடிப்படை ஆண்டு ஒன்றை வைத்து, அதன் பிறகே துறையைப் பிரிக்கும் முறையைக் கைக்கொண்டது. விண்ணப்பத் தாளிலேயே பிரிவைக் குறிக்கச் சொல்லி, பின்னர் மாறவும் இடம் தராத கல்லூரி எதுவாயினும், அது மாணவன் அறியாத ஒன்றுக்கு அவனிடம் கையொப்பம் வாங்குகிறது. எல்லாக் கல்லூரிகளிலும் முதலாண்டைப் பொது ஆண்டாக்கினால் சிறப்புப் பாடத்துக்கு மூன்றாண்டுகளே மிஞ்சும், ஆழம் குறையும் என்று ஆசிரியர் சிலர் ஆட்சேபிப்பார்கள். அந்த ஆட்சேபணை நியாயமானதே. ஆனால் மனம் ஒவ்வாத பிரிவில் நான்காண்டுகள் உழன்று, பட்டம் பெற்ற மறுநாளே அத்தொழிலைத் துறந்துவிடுபவரிடம் எந்த ஆழத்தைக் காண்கிறோம்? பொது ஆண்டு வைப்பதற்குப் பணமும் வேண்டும். எல்லா மாணவர்களுக்கும் மண்ணும் சூளையும் தறியும் தகடும் எட்டும்படி பட்டறைகளைப் பெருக்க வேண்டும். இந்தச் செலவை அரசு ஏற்கத்தான் வேண்டும்.

அது கைகூடும் வரையில், விண்ணப்பிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் முன்னதாகவே கல்லூரிப் பட்டறைகளுக்கு அழைத்துச் செல்லட்டும். முடிந்த படைப்புகளை மட்டும் பார்த்துத் திரும்பாமல், இறுதியாண்டு மாணவரிடம் உடைந்த கலங்களையும் கெட்டுப்போன அச்சுத் தாள்களையும் காட்டச் சொல்லி, அவை ஏன் பழுதாயின என்பதை விசாரிக்கட்டும்; அந்த விளக்கத்தில் தம் பிள்ளையின் கவனம் எந்த அறையில் நிலைக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும்.