மறுப்புக்கும் சான்று வேண்டும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஆய்வறிவும் சட்டமாகாதவரை அத்தகையதே. அந்தாட்டிக்காவின்மேல் ஓசோன் படலம் தேய்வதைப் பிரித்தானிய விஞ்ஞானிகள் 1985இல் வெளியிட்டனர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. அங்கு அறிவு வென்றது.

அத்தென்முனையின் கடலுயிர்களைக் காக்க, 1982 முதல் ஓர் ஆணையம் உளது. விஞ்ஞானக் குழுவொன்று அதற்கு ஆலோசனை கூறும். ஆயினும் முடிவுக்கு உறுப்பு நாடுகள் அனைத்தும் இசைதல் வேண்டும். 2016இல் ரொஸ் கடலுக்குக் காப்புக் கிடைத்தது. 2012இல் முன்வைக்கப்பட்ட கிழக்கு அந்தாட்டிக்காத் திட்டமோ, ரஷ்யாவும் சீனாவும் இசையாமையால் பல்லாண்டுகளாகத் தடைப்பட்டு நின்றது.

காக்க விழைவோரிடம் சான்று கேட்டல் முறையே. மறுப்போரும் அவ்வாறே சான்று காட்டுதல் வேண்டுமன்றோ? வெறும் மறுப்பு ஆய்வை வெல்லுமாயின், ஆய்வாளர் பனியில் உழைப்பது எதற்கு?