ட்ரோன் போர்ப் படங்கள்: கேமரா எல்லாத்தையும் பார்க்குதா?

'ஐ இன் தி ஸ்கை' பார்த்திருக்கிறீர்களா? கெவின் ஹூட் இயக்கி 2015-ல் வந்த படம். நைரோபியில் ஒரு வீட்டுக்குள் தற்கொலைத் தாக்குதலுக்குத் தயாராகிறார்கள். வானத்தில் ட்ரோன். சுவரோரம் ரொட்டி விற்கும் சிறுமி. ஏவுகணையை ஏவலாமா, வேண்டாமா? லண்டனில் அமைச்சர்கள் வாதாடுகிறார்கள். நெவாடாவில் அமர்ந்து ட்ரோனை இயக்கும் பைலட் கண் கலங்குகிறார்.

நல்ல படம்தான். ஆனால் அதில் ஒரு வசதியான ஏற்பாடு இருக்கு. வண்டு அளவு கேமரா ஒன்று வீட்டுக்குள்ளேயே பறந்துபோய் வெடிகுண்டு அங்கியைக் காட்டிவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள் யார் என்பதில் நமக்குச் சந்தேகமே வராது. மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: பலரைக் காப்பாற்ற ஒரு சிறுமியின் உயிரைப் பணயம் வைக்கலாமா?

நிஜத்தில் சிக்கல் அதற்கு முன்பே தொடங்குகிறது.

காபூலில் நடந்தது என்ன?

2021 ஆகஸ்ட் 29. காபூல் விமான நிலையத்தில் குண்டுவெடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த தாக்குதலுக்கு வெள்ளை டொயோட்டா கரோலா வரலாம் என்று அமெரிக்கப் படைக்குத் தகவல். காபூலில் அந்த கார் தெருவுக்குத் தெரு ஓடும். அப்படி ஒரு காரை ட்ரோன்கள் மணிக்கணக்கில் பின்தொடர்ந்தன. அதில் ஏற்றியதை வெடிபொருள் என்று நினைத்து ஏவுகணை வீசினார்கள்.

இறந்தது 10 பேர். அதில் 7 குழந்தைகள். ஓட்டியவர் ஒரு தொண்டு நிறுவன ஊழியர். ஏற்றியது தண்ணீர் கேன்கள். முதலில் சரியான தாக்குதல் என்று சொன்ன ராணுவம், செப்டம்பர் 17-ல் தவறு என்று ஒப்புக்கொண்டது. யார் மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை.

அங்கே அவர்கள் முன் இருந்தது தர்மசங்கடம் இல்லை, தப்பான உறுதி. கேமரா கேனைக் காட்டும். கேனுக்குள் என்ன என்பதை மனுஷன்தான் ஊகிக்கணும். ஏற்கெனவே சந்தேகத்தோடு பார்ப்பவருக்கு எல்லாமே ஆதாரமாகத் தெரியும்.

நமக்கு என்ன?

'குட் கில்' (2014) போன்ற படங்கள் பைலட்டின் மன உளைச்சலை நேர்மையாகக் காட்டுகின்றன. ஆனால் கீழே இருப்பவர்கள் கடைசி வரை திரையில் நகரும் உருவங்கள்தான். பொத்தானை அழுத்தியவருக்காக அழுகிறோம். செத்தவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இப்போது உக்ரைன் போரின் ட்ரோன் வீடியோக்கள் பின்னணி இசையோடு நம் மொபைலுக்கே வருது. அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால், ஷேர் செய்யும் முன் ஒரு கேள்வி கேளுங்க: அது யார் என்று சொன்னது கேமராவா, தலைப்பு போட்டவரா?