நலம் விசாரிக்கும் நம்மவர்

பிணியாளரைச் சென்று காண்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செலுத்த வேண்டிய கடமைகளுள் ஒன்று எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். அக்கடமையை நம்மவர் கைவிட்டனர் என்று நாம் கூறவரவில்லை. மிகுதியாகவே நிறைவேற்றுகின்றனர். நிறைவேற்றும் நாளும் முறையுமே பிழை என்கிறோம்.

சேத்தியாத்தோப்பிலோ, சுற்றியுள்ள நம் ஊர்களிலோ ஓர் இல்லத்தரசிக்குப் புற்றுநோய் எனத் தெரிந்துவிட்டால் நடப்பது என்ன? நோயின் பெயரைச் சொல்லவும் அஞ்சி, ‘அந்த நோய்’ என்பர். கணவர் வளைகுடா நாட்டில் இருப்பார். மகன் பள்ளி மாணவன். கீமோதெரபிக்குரிய நாளன்று, ஸுப்ஹு பாங்குக்கு முன்பே அவ்வம்மையார் தம் தங்கையை மட்டும் துணைகொண்டு பேருந்துக்காக நிற்பார். வடலூர், கடலூர் கடந்து புதுச்சேரி ஜிப்மருக்குப் போய்ச்சேர வேண்டும். அன்று உடன்செல்ல ஊரில் எவருக்கும் ஓய்வில்லை. ஒரு வாரம் சென்றபின் அதே வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும்!

அந்த ஒரு நாள் எத்தகையது என்பதை நம்மவர் அறிவார்களா? முதலில் இரத்தப் பரிசோதனை. அணுக்களின் எண்ணிக்கை போதாதெனில் அன்று மருந்தில்லை. வந்த வழியே திரும்ப வேண்டும். அந்த ஏமாற்றத்தோடு பேருந்தில் தனியே அமர்ந்து வருவது மருந்தினும் கொடிது. எண்ணிக்கை சரியாயிருப்பின், வாந்தியைத் தடுக்கும் மருந்தை முன்னதாகக் கொடுத்து, பின்னர் நரம்பு தேடி ஊசி குத்தி, மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவர். ஊசி குத்திய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ கண்டால் உடனே செவிலியரை அழைக்க ஒருவர் வேண்டும். மருத்துவர் சொன்னதை நினைவில் வைக்கவும், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாய் அழைத்துச் செல்லவும், பேச்சு வேண்டாதபோது வாய்மூடி அருகிருக்கவும் ஒருவர் வேண்டும். தங்கை ஒருத்தி எத்தனை வேலைதான் பார்ப்பாள்?

இனி, அந்தச் செருப்புக் குவியலுக்கு வருவோம். விரைந்து பெருகும் அணுக்களை அழிப்பது இம்மருந்துகளின் இயல்பு. புற்றையும் அழிக்கும், தலைமுடி வேரையும், வாயின் உட்தோலையும், எலும்பு மச்சையையும் தாக்கும். மருந்தேற்றிய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில்தான் வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகவும் குறைந்திருக்கும். சாதாரணச் சளியும் பேராபத்தாகும் வாரம் அது. அந்த வாரம் பார்த்து நம் பெண்டிர் இருமும் பேரப்பிள்ளைகளோடு வந்து கட்டித் தழுவி, இதே நோயில் மாண்டவர்களின் கதைகளைச் சொல்லி அழவும் வைத்துப் போகின்றனர். இரவில் காய்ச்சல் வந்தால், “மாத்திரை போடு, விடியட்டும்” என்று ஆலோசனை வேறு! காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதை இவர்களுக்கு யார் சொல்வது?

“எல்லாம் தக்தீர், இந்த நஞ்சை ஏற்றுவதைவிடப் பச்சிலை மேல்” என்பாரும் உளர். நோய்க்கு மருந்து செய்யுமாறு ஏவிய நபியின் உம்மத்தினர் பேசும் பேச்சா இது? நம் கபர்ஸ்தான் ஓரங்களில் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்பட்டதே வின்கிறிஸ்டின். 1960-கள் முதல் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு வழங்கப்படும் கீமோ மருந்து அது. அந்தப் பெரியவர் பரிந்துரைக்கும் பச்சிலை, அளவறிந்து அங்கே புட்டியில்தான் தொங்குகிறது.

அந்நியப் பெண்ணோடு ஆண் எப்படிச் செல்வது என்பது அடுத்த சாக்கு. ஊரில் பெண்களே இல்லையா? கார் ஓட்டிச் சென்று வெளியே காத்திருக்க ஆண்களுக்குத் தடையென்ன? நிக்காஹ் என்றால் பரங்கிப்பேட்டைக்கு வரிசையாக வேன் பிடிக்கத் தெரிந்த சமுதாயமன்றோ இது!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். அழுது ஓய்ந்துவிடாமல், 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். மருத்துவமனை கட்டுமாறு நாம் எவரையும் கேட்கவில்லை. ஒரு நாளைக் கேட்கிறோம். கீமோ பலருக்கு மூன்று வாரங்களுக்கொரு முறை வரும். அந்த வீட்டுக்கு இன்றே செல்லுங்கள். வாசலில் நின்றபடியே அடுத்த தவணை எந்தத் தேதி என்று கேட்டு, குறித்துக்கொண்டு திரும்புங்கள்.