பொட்டல விழுதும் சமையலே!

“கண்ணு, பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டுவதெல்லாம் ஒரு சமையலா?” நான் மேற்படிப்புக்காகச் சிங்கப்பூரிலிருந்து மெல்பர்ன் சென்றிருந்தபோது, தொலைபேசியில் என் பாட்டி கேட்ட கேள்வி இது. அன்று நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால், அதுவும் சமையல்தான் என்பதே என் கருத்து.

வெளிநாட்டில் தனியாகப் படிக்கும் மாணவருக்கு நேரமும் பணமும் குறைவு. வகுப்பு முடிந்து, டிராம் வண்டியைப் பிடித்து வீடு திரும்பும்போது மணி எட்டாகிவிடும். அதன்பிறகு இஞ்சி, பூண்டு, மிளகாய் அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? முதல் மாதம் முழுவதும் ரொட்டியும் உடனடி மீயுமே என் இரவு உணவு. உடல் சோர்ந்தது, படிப்பில் மனம் ஒன்றவில்லை. சுவர் இருந்தால்தானே சித்திரம் வரைய முடியும்?

அப்போதுதான் அம்மா கொடுத்தனுப்பிய கறி விழுதுப் பொட்டலங்கள் கைகொடுத்தன. மெல்பர்ன் விமான நிலையத்தில் உணவுப்பொருள் என்று அறிவித்து, அனுமதி பெற்றுக் கொண்டுவந்தவை அவை. விழுதில் மசாலாப் பொருள்கள் ஏற்கெனவே அரைத்து வதக்கப்பட்டிருக்கும். எனவே, கோழித்துண்டுகளையும் உருளைக்கிழங்கையும் அதில் பிரட்டி, தண்ணீரும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் கொதிக்கவிட்டால் போதும். அரை மணி நேரத்தில் கறி தயாராகிவிடும். கறி மணத்தால் ஈர்க்கப்பட்டு அடுத்த அறைத் தோழர்களும் வந்தனர். அதன்பின், வெள்ளிக்கிழமைதோறும் நால்வரும் சேர்ந்து உண்டோம். என் தனிமையும் குறைந்தது.

இத்தகைய விழுதில் உப்பும் எண்ணெயும் அதிகம் எனச் சிலர் குறை கூறுவர். அது உண்மையே. பெரியவர்கள் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆகவே, பொட்டலத்தின் மீதுள்ள விவரங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். பாதி விழுதை மட்டும் பயன்படுத்தி, காய்கறிகளை அதிகமாகச் சேர்க்கலாம். தனியாக உப்புப் போடுவதைத் தவிர்க்கலாம்.

ஆனால், பாட்டியின் கவலை உப்பைப் பற்றியது அன்று. தம் கைப்பக்குவம் தம்மோடு மறைந்துவிடுமோ என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தில் நியாயம் இருப்பதைப் பொட்டலங்கள் தீர்ந்த நாளில்தான் உணர்ந்தேன். உடனே பாட்டியை அழைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். முதல் முயற்சியில் மசாலா தீய்ந்துபோனது. பாட்டியோ திட்டவில்லை, “அடுப்பைக் குறைத்து வை” என்று மகிழ்ச்சியோடு மீண்டும் சொல்லிக்கொடுத்தார்.

நீங்களும் ஒருநாள் வெளிநாடு செல்லலாம். அப்போது கறி விழுதுப் பொட்டலங்களைத் தயங்காமல் எடுத்துச் செல்லுங்கள். அதற்கு முன்பு, வீட்டுப் பெரியவர்களின் அருகில் நின்று ஒரு கறியையாவது சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பொட்டலம் தீர்ந்துவிடும், கற்றுக்கொண்டது தீராது.