காதுகள் ஓய்வுபெறும் முன்

நெல்லூரைத் தாண்டி ஒரு டிரெய்லர் நின்றுவிடுகிறது. ஓட்டுநர் கேபினைச் சாய்த்து, எஞ்சின் அருகே செல்போனை நீட்டி, அரை நிமிடச் சத்தத்தைத் திருவொற்றியூரில் இருக்கும் மெக்கானிக்குக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார். பதில் குரலாகவே வருகிறது: “நியூட்ரல்ல போட்டு ரேஸ் குடு. இப்ப கிளட்ச்ச மிதி. சத்தம் நிக்குதா?” நின்றுவிட்டால் கோளாறு கியர்பாக்ஸ் பேரிங்கில் இருக்கக்கூடும். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச்சின் ரிலீஸ் பேரிங் மேல் சந்தேகம். எந்தப் பாகத்தை எடுத்துக்கொண்டு எத்தனை பேர் கிளம்புவது என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

வடசென்னையின் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரியை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. இதைச் செல்போன் தந்த வசதி என்று மட்டும் பார்ப்பவர்கள், மறுமுனையில் இருக்கும் காதை மறந்துவிடுகிறார்கள். அந்தக் காது உருவாக இந்தப் பகுதிக்கு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் புறப்பட்டது. பெரம்பூர் பணிமனையின் வரலாறும் அதே ஆண்டில்தான் தொடங்குகிறது. ரயில் நின்றதும் நீண்ட பிடி போட்ட சுத்தியலோடு இறங்கிச் சக்கரங்களைத் தட்டிப் பார்ப்பது ரயில்வேயின் பழைய பரிசோதனை. நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். பாரிஸில் மருத்துவர் லனெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டது 1816இல். உள்ளே இருப்பதைத் திறக்காமல் அறிய வேண்டும் என்ற தேவை மருத்துவமனைக்கும் பணிமனைக்கும் பொதுவானது.

1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. மறு ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களை இணைக்க ஆரம்பித்தார்கள். 1955இல் நிறுவனம் அசோக் லேலண்ட் ஆனது. மறு ஆண்டு திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் வந்தது. தொழிற்சாலைக்குள் கற்றுக்கொண்டது வெளியே உள்ள பட்டறைகளுக்கும் கசிந்தது. அங்கிருந்து காசிமேட்டு மீன்பிடி லாஞ்சுகளுக்கும் போனது. லாரிக்கு வந்த லேலண்ட் எஞ்சின்தான் பல லாஞ்சுகளிலும் ஓடியது. கரையிலிருந்து விலகினால் செல்போன் சிக்னல் கிடைக்காத கடலில், எஞ்சின் மாறிப் பேசுவதை முதலில் கேட்க வேண்டியவர் லாஞ்சு டிரைவர்தான்.

இந்தக் கேட்டலுக்கு ஒரு முறை உண்டு. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்துப் பிடியைக் காதோடு சேர்ப்பார்கள். பிறகு பழைய பம்ப் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் பைப்பின் நட்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்துவார்கள். தளர்த்தியதும் அடிக்கும் சத்தம் அடங்கினால் குற்றவாளி அந்தச் சிலிண்டர். தளர்த்தியும் எஞ்சின் ஓட்டத்தில் மாற்றமே இல்லையென்றால் அது ஏற்கெனவே வேலை செய்யவில்லை. இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யக் கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

செல்போன் வழியாக எவ்வளவு போய்ச் சேரும்? ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் நின்று ஓடும்போது நொடிக்கு 30 முறை எரிகிறது. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கடத்தாது. அந்த உறுமலின் அடித்தளமே அறுந்துபோகும். இன்றைய போன்கள் இன்னும் விரிந்த ஒலியைப் பதிவு செய்யும். ஆனால் பேச்சைக் காப்பாற்றுவதற்காக, சீராக வரும் எதையும் இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். எஞ்சின் சத்தம் அதில்தான் மாட்டுகிறது. தப்பிப் போய்ச் சேருவது தாளம். டேப்பட்டின் டிக்டிக், கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறை வரும். கனெக்டிங் ராடு அடிப்பது ரேஸ் கொடுத்து விடும்போது கனமாகக் கேட்கும். ரேஸைக் கூட்டு, குறை என்று மெக்கானிக் கேட்பது இந்தத் தாளத்தைப் பிடிக்கத்தான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் செல்போனால் சொல்ல முடியாது. அதற்குத்தான் அத்தனை கேள்விகள்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த மாக்லியோஸி சகோதரர்கள் ‘கார் டாக்’ என்ற வானொலி நிகழ்ச்சியை நடத்தினார்கள். அழைத்தவர்கள் தம் காரின் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார்கள். அங்கேயும் விடையை நெருங்க வைத்தது அடுத்தடுத்துக் கேட்ட கேள்விதான்.

இப்போது வண்டியே பேசுகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் ஒவ்வொரு புதிய எஞ்சினிலும் சென்சார்கள் நிறைந்துவிட்டன. லேலண்டின் ஐ-அலர்ட் போன்ற ஏற்பாடுகள் கோளாறுக் குறியீட்டை இணையம் வழியே அனுப்புகின்றன. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் சென்சார் தான் அளப்பதைத்தான் சொல்லும். தேயத் தொடங்கிய பேரிங்குக்குப் பெரும்பாலும் குறியீடு கிடையாது. ஆயில் அழுத்தம் விழும்வரை திரையில் எதுவும் தெரியாமல் போகலாம். அதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் காதை வேண்டாம் என்று தள்ளுவது நட்டம்.

2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. காற்றுக்காக இவ்வளவு காலம் தவித்த வடசென்னைக்கு இது நல்ல செய்தி. டீசல் சத்தம் குறைவதைப் பார்த்து வருந்த ஒன்றுமில்லை. ஆனால் சாலையில் ஓடும் லாரிகள் நாளையே மாறிவிடாது. அவற்றைக் கேட்டுப் பழகியவர்களோ வயதாகி ஓய்வுபெறுகிறார்கள். அவர்கள் அறிந்தது எந்தக் கையேட்டிலும் முழுமையாக இல்லை.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1949 முதலே ஆட்டோமொபைல் பொறியியல் கற்பிக்கிறார்கள். அந்த மாணவர்களும் வடசென்னை ஐ.டி.ஐ. மாணவர்களும் இந்தப் பட்டறைகளுக்கு வர வேண்டும். நன்றாக ஓடும் எஞ்சின், டேப்பட் தளர்ந்தது, ராடு அடிப்பது, பேரிங் போனது என ஒவ்வொன்றையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் சூடானபின்னும், இரைச்சல் குறைக்கும் வசதியை அணைத்துவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சத்தத்தை மெக்கானிக் எப்படி அடையாளம் காண்கிறார் என்பதை அவர் குரலிலேயே சேர்க்க வேண்டும். அவர் பெயர் அதில் இருக்க வேண்டும். அவர் செலவிடும் நேரத்துக்குக் கூலியும் தர வேண்டும். பணம் கொடுக்க வேண்டியவர்கள் இந்தக் காதுகளால் இத்தனை காலம் வண்டி ஓட்டிய தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் அரசும். இந்த ஆண்டே தொடங்குங்கள்.