என்ஜினை மாற்றும் முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள்

குன்னூரில் பழைய அம்பாசடரோ பத்மினியோ ஜீப்போ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசனம் மனப்பாடம். "என்ஜின் போச்சு சார், வேற வெச்சிடலாம்!" காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா? என்ஜின் போச்சு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது இழுவை இல்லையா? என்ஜின் போச்சு. பனிமூட்டத்தில் ஹெட்லைட் மங்கி வண்டி நின்றுவிட்டதா? வயசான வண்டி, அதுவும் போச்சு!

பாவம் அந்த என்ஜின். இந்தப் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது காரணமே இல்லை. உண்மையான குற்றவாளிகள் இரண்டு பேர். ஒன்று உயரம், இன்னொன்று சார்ஜ்.

முதலில் உயரம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டிக்குக் காற்று குறைந்தால் பெட்ரோல் கலவை கெட்டியாகும், கரும்புகை வரும், இழுவை குறையும். கோயம்புத்தூரில் டியூன் செய்த வண்டி இங்கே திணறுவது நோய் அல்ல. கார்புரேட்டரைச் சரிசெய்தால் பாதி தீரும். மீதியை எந்த என்ஜினும் தீர்க்காது. புதிது வைத்தாலும் குன்னூரில் காற்று அதே காற்றுதானே?

அடுத்தது சார்ஜ். அந்தக் காலத்து வண்டிகளில் பலவற்றில் இருப்பது டைனமோ. என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் அது மின்சாரம் தரும். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பர்லியார் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். சீசன் நேரத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று ஏற வேண்டும். பனிமூட்டம் என்றால் பகலிலேயே விளக்கு, கூடவே வைப்பர். ஹெட்லைட்டுக்கு மட்டும் எட்டு, பத்து ஆம்பியர் போகும். அத்தனையும் பேட்டரியிலிருந்து! ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் உள்ள ரோட்டில் விளக்கு அணைவது சாதாரண விஷயமல்ல.

அல்டர்னேட்டர் ஐடிலிலும் சார்ஜ் ஏற்றும். எனவே மலையில் செய்ய வேண்டிய மாற்றம் டைனமோவிலிருந்து அல்டர்னேட்டருக்கு. பிராக்கெட், தடித்த வயர், பழைய கட்அவுட்டை நீக்குவது, இவ்வளவுதான் வேலை. சில பழைய கார்களில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதை மட்டும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஏற்கெனவே அல்டர்னேட்டர் இருந்தால் சோதனை ஐந்தே நிமிடம். வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அருகே இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து சற்று ரேஸ் கொடுத்தால் 13.8 முதல் 14.5 வரை. ஏறவில்லை என்றால் முதலில் பெல்ட் தளர்வா பாருங்கள், பிறகு பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கிறதா, எர்த் வயர் இறுக்கமா, கடைசியில் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர். 15க்கு மேல் போனால் ரெகுலேட்டர்தான். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால் டையோடையும் சந்தேகப்படலாம். ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் டைனமோ காலத்துப் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். நல்ல அல்டர்னேட்டரும் அதில் கருகிவிடும்.

இனி, பெட்ரோல் என்ஜினைக் கழற்றி டீசல் வைப்பது. ஒரு காலத்தில் அம்பாசடர், ஜீப்களுக்கு இது புத்திசாலித்தனமான கணக்கு. டீசல் அவ்வளவு மலிவு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியபின் அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. ஒரு பேச்சுக்கு, மாற்ற ஒரு லட்சம் செலவு, கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் மிச்சம் என்று வையுங்கள். போட்ட முதல் திரும்ப 33,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வருஷத்துக்கு 3,000 ஓடும் ஞாயிற்றுக்கிழமை காருக்கு 11 வருஷம்!

காகித வேலை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி ஆர்.சி. விவரங்களுக்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. என்ஜின் எண் பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கேள்வி கேட்கும். 2021இல் வந்த விண்டேஜ் விதிகளும் 50 வயது தாண்டி, என்ஜின், சேஸி, பாடி பெரிதாக மாறாத வண்டியைத்தான் ஏற்கின்றன. தாத்தாவின் காருக்கு அந்தத் தகுதி வரப்போகும் நேரத்தில் அதைக் கழற்றி எடைக்குப் போடுவதா?

என்ஜினை மாற்றவே கூடாது என்பதில்லை. கம்ப்ரஷன் பார்த்து, நீலப் புகையும் ஆயிலும் போய், போர் போடவும் இடமில்லை என்றால் மாற்றுங்கள். ஆனால் அதே ரகம், ஆர்.டி.ஓ. அனுமதியோடு. குன்னூருக்கு வரும் மலை ரயிலையே பாருங்கள். எக்ஸ் ரக நீராவி என்ஜின்கள் தேய்ந்தபோது பொன்மலை பணிமனை 2011க்குப் பின் அதே ரகத்தில் புதியவற்றைக் கட்டியது. அவற்றில் சில நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் ஓடுபவை, அவ்வளவே.

அடுத்த முறை யாராவது "என்ஜின் போச்சு" என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எத்தனை வோல்ட் காட்டுதுண்ணா?" பதில் வராவிட்டால் வண்டியை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.